பெரிய சைஸ் ஷூ வாங்கிய ஆச்சி!

பனிமய மாதா திருவிழாவைப் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிக்காரி நான். பேரில்தான் பனி. ஆகஸ்ட் 5 அன்று வெயில் மண்டையைப் பிளக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக நாங்கள் பார்த்ததெல்லாம் உப்பளம் ஒன்றுதான். அப்படிப்பட்டவள் ஐஸில் சறுக்குகிற ஷூவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு.

என் மகள் கனடாவில் டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். தமிழ்ச் சனம் நிறைய உள்ள இடம். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்காகப் போயிருந்தேன். மூத்த பேத்திக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஐஸ் ஸ்கேட்டிங்குக்குக் கூட்டிப் போகிறார்கள், ஷூவும் ஹெல்மெட்டும் கொண்டு வரவேண்டும் என்று கடிதம் வந்தது. மகள் பச்சை உடம்புக்காரி. எனவே மாப்பிள்ளையும் நானும் பழைய ஸ்கேட்டிங் ஷூ விற்கும் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெண் பேத்தியின் காலை அளந்துவிட்டு, அவள் தினமும் போடும் ஷூவைவிட ஒரு சைஸ் சின்னதை எடுத்து நீட்டினாள். எனக்கோ பகீரென்றது. "வளர்ற பிள்ளைக்கு யாராவது சின்னதா வாங்குவாங்களா? ஒரு சைஸ் பெரிசா எடுங்க மாப்பிள்ளை. ரெண்டு வருஷம் ஓடும்" என்றேன். "இல்ல அத்தை, இது வேற மாதிரி..." என்று அவர் இழுத்தார். மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? பெரியதையே வாங்கி வந்தோம். முனையில் பஞ்சை அடைத்து, இரண்டு கம்பளி சாக்ஸும் மாட்டிவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன். நம் வீடுகளில் பள்ளிக்கூட ஷூவுக்குச் செய்கிற அதே வேலைதான்!

முதல் நாள் போய்விட்டு வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போகிற அன்று வயிற்றுவலி என்றாள். அடுத்த வாரமும் அதே வயிற்றுவலி. "எனக்கு ஸ்கேட்டிங் வராது ஆச்சி, நான் விழுந்துக்கிட்டே இருக்கேன். மத்தவங்கெல்லாம் ஓடுறாங்க" என்று அழுதாள். குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரணமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவள் அம்மா அதட்டியதற்கு, "ஆச்சி வாங்கிக் கொடுத்தது, சொன்னா ஆச்சி வருத்தப்படுவாங்க" என்றாளாம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

படுத்துக்கொண்டே யோசித்தபோது சின்ன வயதில் எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா ஞாபகத்துக்கு வந்தார். உப்பளத்து வேலைக்கு வீட்டுக்காரருடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போவார். தொளதொளவென்று இருக்கும். சாயங்காலம் வரும்போது குதிகால் தோல் உரிந்திருக்கும். அதில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று சொல்ல வேண்டுமா? இறுக்கமான செருப்பு மட்டுமல்ல, தொளதொளத்த செருப்பும் கடிக்கும் என்று தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, இப்படிச் செய்துவிட்டேனே!

மறுபடி அதே கடைக்குப் போய், வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அடியில் இருப்பது மெல்லிய பிளேடு. ஷூவுக்குள் கால் ஆடினால் கணுக்கால் உள்பக்கமாக மடங்கும், பிளேடு நேராக நிற்காது. பிள்ளைக்குத் தைரியம் இல்லாமல் விழவில்லை, பிடிமானம் இல்லாமல் விழுந்திருக்கிறாள்.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடிதான். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளவேண்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. லேஸை விரல் பக்கம் சுமாராகவும், கணுக்கால் வளைகிற இடத்தில் நன்றாக இறுக்கியும், மேலே முழங்கால் மடங்குகிற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தியும் கட்டவேண்டும். கால் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். வளரும் பிள்ளைக்கு அரை சைஸ் கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால் நம்பரை நம்பாமல் காலில் போட்டுத்தான் வாங்கவேண்டும். கடையிலேயே பத்து நிமிஷம் போட்டபடி உட்காரச் சொன்னாள். நாம் புடவைக் கடையில் ஒரு மணி நேரம் உட்காருவதில்லையா?

முன்னால் பல் பல்லாக இருக்கும் பிளேடு ஒரு வகை, பல் இல்லாத ஹாக்கி ஷூ இன்னொரு வகை. பொழுதுபோக்குக்கு எதுவானாலும் சரி, கணுக்கால் பக்கம் தொய்ந்துபோன பழைய ஷூ மட்டும் வேண்டாம் என்றாள். பிளேடைத் துடைத்து வைக்காவிட்டால் துருப்பிடிக்கும் என்றபோது, "அதை எங்க ஊர்க்காரிக்குச் சொல்லணுமா? உப்புக்காத்துல எங்க வீட்டு ஜன்னல் கம்பியே நிக்காது" என்றேன். மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்ல, அவளும் சிரித்துவிட்டாள்.

புண் ஆறியதும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிப் போனோம். நகர மன்றக் கட்டடத்துக்கு முன்னால் கோடையில் தண்ணீர்த் தொட்டியாக இருப்பது, குளிர்காலத்தில் ஸ்கேட்டிங் தளமாகிவிடுகிறது. பேத்தி அப்பா கையைப் பிடித்து இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் கையை விட்டுவிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் குளிரால் மட்டுமில்லை.

நம் ஊரில் ஐஸ் ஏது என்று கேட்பீர்கள். சிம்லாவில் 1920-லிருந்தே ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், சக்கர ஷூ கட்டிக்கொண்டு ரோலர் ஸ்கேட்டிங் கற்கிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய ஷூவிலும் குதிகால் எழும்புகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அந்தப் பெரிய ஷூவை மகள் தூக்கிப் போடவில்லை, அலமாரியில் வைத்திருந்தாள். இரண்டு குளிர்காலம் கழித்துப் போன வாரம் போன் செய்தாள். "அம்மா, அது இப்ப அவளுக்குச் சரியா இருக்கு. கடையில அளந்தும் பார்த்தாச்சு. 'நான் அப்பவே சொன்னேன்'னு மட்டும் சொல்லிராதீங்க!"

- ஒரு வாசகி, தூத்துக்குடி