சுவரொட்டியின் வாக்குறுதி

வீதியில் விரைந்து செல்லும் ஒருவரை நிறுத்தி, ஒரு படத்தைக் காண வருமாறு அழைப்பது எளிதன்று. அழைப்பதற்குக் கிடைக்கும் நேரமோ சில விநாடிகள். அழைக்கப்படுபவர் எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். இவ்வரிய பணியை ஏற்றுக்கொண்டதே திரைப்படச் சுவரொட்டி. அதன் அமைப்பையும் நோக்கத்தையும் சிறிது ஆராய்வோம்.

1913-ஆம் ஆண்டில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' பம்பாயில் திரையிடப்பட்டபோது, செய்தித்தாளில் அதற்கு விளம்பரம் வெளியாயிற்று. ஆனால் செய்தித்தாள் விளம்பரம் படிக்கத் தெரிந்தவரை மட்டுமே எட்டும். படம் தீட்டிய சுவரொட்டிக்கோ அந்த வரம்பு இல்லை. நாடகத் திரைச்சீலைகள் எழுதிப் பெயர்பெற்ற கோலாப்பூர் ஓவியர் பாபுராவ் பெயிண்டர், தம் படங்களுக்குத் தாமே சுவரொட்டி வரைந்தார். 1924-இல் வெளிவந்த 'கல்யாண் கஜினா'வுக்கு அவர் அமைத்ததே இன்று எஞ்சியுள்ள இந்தியச் சுவரொட்டிகளில் மிகப் பழையது எனக் கருதப்படுகிறது.

1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. ஆகவே சுவரொட்டி முதலில் முகத்தாலும் வண்ணத்தாலும் பேச வேண்டியதாயிற்று. 1957-இல் வெளிவந்த மெகபூப் கானின் 'மதர் இந்தியா'வை எடுத்துக்கொள்வோம். கலப்பையைத் தோளில் சுமந்து நிற்கும் நர்கீஸின் உருவம் ஒன்றே, அது மண்ணையும் வறுமையையும் தாயையும் பற்றிய கதை என்பதை எவருக்கும் உணர்த்திவிடுகிறது.

அடுத்தது எழுத்து. இந்திப் படங்களின் சுவரொட்டிகளில் தேவநாகரி, உருது, ஆங்கிலம் ஆகிய மூவகை எழுத்துகளிலும் தலைப்பைப் பொறிப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு நயம் தோன்றும். அங்கே பெயர் மொழிபெயர்க்கப்படுவதில்லை; எழுத்து மட்டுமே மாறுகிறது. எந்த எழுத்தைப் படித்தவரும் நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் ஒரே பெயரைத்தான் சொல்லியாக வேண்டும் அல்லவா?

எழுத்தையே ஓவியமாக்கியவரும் உண்டு. கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய சத்தியஜித் ராய், 'தேவி' (1960) முதலான தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே அமைத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ஓவியர் எம். எப். உசேனும் 1930-களில் பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகளைத் தீட்டியவரே.

இத்தனை திறமையும் எதன்பொருட்டு? மக்களைக் கொட்டகைக்கு அழைத்துவரும் பொருட்டே. ஆயினும் அழைப்புக்கு ஓர் அறம் உண்டு. அன்றாடக் கூலியில் மிச்சம்பிடித்து வருபவர், சுவரில் கண்டதைத் திரையிலும் எதிர்பார்ப்பது நியாயமே. படத்தில் கணநேரமே வரும் போர்க்களத்தைச் சுவர் முழுவதும் விரித்துக் காட்டினால், அவர் ஏமாற்றப்படுகிறார். மிகைப்படுத்துதல் விளம்பரத்தின் இயல்பே. இல்லாததைக் காட்டுதல் பொய்யாகும்.

சுவரொட்டியின் ஆயுளோ குறுகியது. அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் வேறொன்று ஒட்டப்படும். மழை வந்தால் இரண்டும் கரையும். கணிப்பொறி அச்சு பரவிய பின்னர், கையால் தீட்டும் கலையும் பெரிதும் அருகிவிட்டது. 1964-இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம், படச்சுருள்களோடு பழைய சுவரொட்டிகளையும் சேகரித்துக் காத்து வந்துள்ளது. அது வீண் முயற்சியன்று. ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு வீதியில் நின்றார்கள் என்பதை அத்தாள்களே நமக்குச் சொல்கின்றன.