வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் தேடுவது ஒரு ஊசியைத்தான். ஊசி போட்டுக்கொண்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். நூல் மில்லிலும் தறிப்பட்டறையிலும் ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போய்விடும். காட்டு வேலைக்கும் அதே கதைதான். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நின்று அரைநாள் போய்விடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்பவர்கள் நம் வயிற்றுப்பாட்டை அறியாதவர்கள். இது கூலிக் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கில் நாம் பெரிதாக இழக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

மில் இருமலும் காசநோயும்

பஞ்சுத் தூசியில் பல ஆண்டுகள் வேலை செய்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் மூச்சிறைப்பும் அதிகமாக இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் குறைந்ததுபோல் தோன்றும். தொடக்கத்தில் கவனித்து, தூசியிலிருந்து விலகினால் சரியாகிவிடும். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. இதோடு பீடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'மில்லில் இருப்பவனுக்கு இருமல் இருக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த இருமலுக்குள் காசநோய் ஒளிந்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். 2 மாதத்தில் உடம்பு தேறியதுபோல் தெரியும். அங்கே மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. மருந்துக்கு அடங்காத காசநோய் அப்படித்தான் உருவாகிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் மாதம் ரூ.500 வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000 ஆகியிருக்கிறது.

அம்பேத்கர் காலத்து விதை

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். கோவை சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. அத்துடன் உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நாள் நோய்களுக்கு இது இன்னும் கூடும். பிசினோசிஸ் தொழில்நோயாகவே சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது. அதனால் வேலைத்திறன் இழந்தால் இழப்பீடு கேட்கலாம்.

இந்தத் திட்டத்தின் தொடக்கத்தை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான், 1943-ல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை ஆராயும் பணி பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அளித்த அறிக்கையே 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடிப்படை. எனவே 'இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, என் எண் என்ன' என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 10 பேருக்கும் குறைவான தறிப்பட்டறைகளில் வேலை செய்பவர்களும், கூலி வேலைக்குப் போகும் விவசாயத் தொழிலாளர்களும் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது வேறு கதை. அவர்களுக்குக் கையில் இருப்பது காப்பீட்டு அட்டைதான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சத்தமில்லாத சர்க்கரை

அம்பேத்கரே நீண்ட நாள் நீரிழிவால் அவதிப்பட்டவர். சர்க்கரை பணக்காரன் வியாதி என்ற பேச்சு எப்போதோ பொய்யாகிவிட்டது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. ரத்த அழுத்தம் திரும்பத் திரும்ப 140/90-ஐத் தொட்டால் அதுவும் நோய்தான். இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கிறபோது சிறுநீரகமோ கண்ணோ இதயமோ பாதிக்கப்பட்டிருக்கும். நம் மக்களுக்குக் கூடுதல் ஆபத்து காலில்தான். சர்க்கரை கூடினால் பாதம் மரத்துப்போகும். வெறுங்காலில் காட்டில் நடப்பவருக்கும், செருப்போ பூட்ஸோ இல்லாமல் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் முள் குத்தினாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்தான் விரலையும் காலையும் எடுக்கிற இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். ஊர்த் தெருவரை வந்து காலனிக்கு முன்னால் திரும்பிப்போகும் திட்டமாக எதுவும் இருக்கக் கூடாது.

நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. 108-ஐ அழையுங்கள்.

பாம்புக்கடி

தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் கட்டுவிரியன் கடி நடப்பது பெரும்பாலும் தூக்கத்தில். வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அந்த மருந்துக்குப் பின்னால் நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அங்கே எடுக்கப்படும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அட்டை இருக்கிறதா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதியலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதும், வட்டிக்குக் கடன் வாங்குவதும் நம் தெருக்களில் பழகிப்போன காட்சி. உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையை எடுத்துவிட வேண்டும்.

காங்கேயத்திலும் தாராபுரத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மேல்சிகிச்சைக்குத் திருப்பூரிலும் கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஓ.பி. சீட்டு, பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.

சாதியின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் 5-ம் பிரிவின்படியே குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தமும், தலித் ஒருவர் மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நுழைவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. தொட்டுப் பார்க்காமல் தள்ளி நின்று மருந்து எழுதுவது போன்ற அவமதிப்பு நடந்தால் தேதி, நேரம், பணியில் இருந்தவர் விவரத்தைக் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் 10 வீடு ஏறுங்கள். யாருக்குக் காப்பீட்டு அட்டை இல்லை, யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், 30 வயதைத் தாண்டியும் யார் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்கவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். திங்கள்கிழமை காலை அந்த நோட்டுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்குள்ள செவிலியரிடம் காட்டி, பரிசோதனைக்கு நாள் கேளுங்கள்.