செந்திராட்சை மதுவும் முதிர்ந்த நாவும்

செகந்திராபாத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அண்டை வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் திராட்சை மது என்றதும் நினைவுக்கு வருவது, கறுப்புத் திராட்சையையும் சர்க்கரையையும் ஈஸ்டையும் பீங்கான் ஜாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் ஊறவைத்து, கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்தத் தித்திப்பான பானந்தான். அந்தத் தித்திப்பை எதிர்பார்த்து இருபது வயதில் உண்மையான சிவப்பு ஒயினை முதன்முதலாக வாயில் வைத்தவர்கள், அதன் புளிப்பையும் துவர்ப்பையும் தாங்கமாட்டாமல் முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டதும் இயல்பே. ஆனால் அதே மனிதர்கள் நாற்பதைக் கடந்தபின், பஞ்சாரா ஹில்ஸ் விருந்தொன்றில் நாசிக்கிலிருந்தோ நந்தி மலையடிவாரத்திலிருந்தோ வந்த சர்க்கரை சேராத ஒயினைப் பருகி, "இது நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆச்சரியப்படுகிறார்கள். பக்கத்திலிருப்பவர் உடனே, "இருதயத்துக்கும் நல்லதாம், டாக்டர்களே சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்வார். முன்னவர் சொன்னது மெய்யான அநுபவம். பின்னவர் சொன்னதை விஞ்ஞானம் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன.

நா ஏன் மாறுகிறது?

குழந்தைகளின் நா கசப்பைப் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறது, இனிப்பையே நாடுகிறது. வயது ஏற ஏற அந்தக் கூர்மை சிறிது மழுங்குவதோடு, பலமுறை பழகிய ருசிகளை மனம் விரும்பக் கற்றுக்கொள்கிறது. சிவப்பு ஒயினில் இந்த மாறுதலுக்கு உட்படுவது முக்கியமாகத் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள், வாயை வழவழப்பாக வைத்திருக்கும் உமிழ்நீர்ப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுவதால், ஒரு மிடறு விழுங்கியபின் நாவை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தால் சொரசொரப்பாகத் தெரியும். ஆனி மாதத்தில் தள்ளுவண்டியில் வாங்கிய நாவற்பழத்தை உப்புத் தொட்டுத் தின்றபின் வாயில் நிற்பதும் இதே உணர்ச்சிதான்.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து, வாழைப்பூவையும் கொட்டைப்பாக்கையும் பழக்கத்தில் வைத்திருந்த நமக்கு இது புதிய சுவையன்று. ஹைதராபாத்வாசிக்கோ இரானி சாயாவே நல்ல பயிற்சி. நெடுநேரம் காய்ச்சிய அந்த டிகாக்ஷனில் டானின் மிகுதியாயிருந்தும், கெட்டிப்பாலின் புரதம் அதைப் பிடித்துக்கொள்வதால்தான் அது நாவைக் கடிப்பதில்லை. ஆகவே நாற்பது வயதில் ஒருவருக்குச் சிவப்பு ஒயின் பிடித்துப்போவதில் மர்மமும் இல்லை, குற்றமும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வூரில் ருசி தேடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருப்பது நல்லது. மதுசாரம், மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு முனைகளை மேலும் தூண்டிவிடுகிறது. ஆதலால் பிரியாணியோடும் மிர்ச்சி கா சாலனோடும் ஒயின் பருகினால் வாயில் எரிச்சல்தான் மிஞ்சும். அறையின் வெப்பநிலையில் பருகவேண்டும் என்ற பழைய விதியும் 16 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்நாட்டு அறையைக் குறித்தது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் தக்காணத்தில் பாட்டிலை அரை மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.

மருந்து என்ற மயக்கம்

கொழுப்பு மிகுந்த ஆகாரத்தை உண்ணும் பிரெஞ்சுக்காரர்களிடையே மாரடைப்பு ஏன் குறைவு என்ற கேள்விக்கு, அவர்கள் பருகும் சிவப்பு ஒயினே காரணமாகலாம் என்று செர்ஜ் ரெனோ என்னும் ஆராய்ச்சியாளர் 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூறியதும், மறு ஆண்டே லான்செட் மருத்துவப் பத்திரிகையில் எழுதியதும் உலகெங்கும் பரவின. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை மளமளவென்று உயர்ந்தது. பிறகு திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் என்ற பொருளே அந்த நன்மைக்குக் காரணம் என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராம் அளவே உண்டு; எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்த அளவை மனிதன் எட்டவேண்டுமானால் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பாட்டில்களைக் காலி செய்தாக வேண்டும். போதாக்குறைக்கு, இத்துறையில் புகழ்பெற்றிருந்த ஓர் ஆய்வாளர் தம் ஆய்வு முடிவுகளைத் திரித்திருந்தார் என்று அவர் பணிபுரிந்த கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012-இல் அறிவித்தது.

மிதமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதாகக் காட்டிய பழைய கணக்குகளிலும் ஒரு பிழை இருந்தது. நோய் வந்ததனால் குடியை நிறுத்தியவர்களையும் "குடிக்காதவர்" பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்தப் பட்டியல் நோயாளிகளால் நிரம்பி, குடிப்பவர் நலமுடையவராகத் தோன்றுவதில் வியப்பென்ன? மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-இலேயே வைத்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் அபாயம் கூடுகிறது. ஆரோக்கியத்துக்குக் கேடில்லாத அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. திராட்சையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் மதுசாரம் மதுசாரமே.

ஹைதராபாத்தின் கல்லீரல்

தெலுங்கு மண்ணில் மதுவைப் பற்றி இலேசாகப் பேச இயலாது. நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் பெண்கள் மூட்டிய சாராய எதிர்ப்புக் கிளர்ச்சி பெருகி, 1995-இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்து, 1997-இல் தளர்த்தப்பட்டது. இன்றோ ஆபத்து வேறொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தார்நாகாவில் இருக்கும் இதே நகரத்தில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தாரும் ஏஐஜி மருத்துவமனையாரும் கணினித் துறை ஊழியர் 345 பேரைப் பரிசோதித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 84 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. உட்கார்ந்தே செய்யும் வேலை, இரவுப் பணி, அகால உணவு ஆகியவற்றால் முன்பே களைத்திருக்கும் அந்த உறுப்புக்கு, மதுசாரம் வந்தவுடன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதையே முதலில் எரிக்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. கொழுப்பை எரிப்பது பின்தள்ளப்படுகிறது. இடையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு திசுக்களைத் தாக்குகிறது. வாரக் கடைசி விருந்தில் ஒயினைத் தேடிப் போகிறவர்களில் பலர் இதே கணினித் துறையினர் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கிண்ணத்தின் கணக்கு

12 சதவீதம் மதுசாரம் உள்ள ஒயின் 150 மில்லியில் ஏறத்தாழ 14 கிராம் மதுசாரம் இருக்கிறது. 30 மில்லி விஸ்கியில், அதாவது ஒரு ஸ்மாலில், சுமார் 10 கிராம். ஆக "நான் ஒயின் மட்டும்தான்" என்று சொல்பவர் ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஸ்மால் அருந்துகிறார்; அகன்ற பெரிய கிண்ணத்தில் தாராளமாக ஊற்றினால் இரண்டையும் தாண்டும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் அந்த ஒரு கிண்ணத்தைப் பருகினாலே, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டம் விதித்த வரம்பை மீறிவிடக்கூடும். ஜூபிலி ஹில்ஸில் போலீஸார் நீட்டும் கருவிக்கு ஒயின், விஸ்கி என்ற பேதம் தெரியாது.

கர்ப்பிணிகள், கல்லீரல் நோயுள்ளவர்கள், குடிப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், 21 வயது நிரம்பாதவர்கள் மதுவை நெருங்கவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை வியாதிக்குரிய சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

தோலில் இருப்பது

அப்துல் பாகர் கான் தம் தோட்டத்தில் வளர்த்துப் பரப்பிய அனாப்-இ-ஷாஹி திராட்சைக்குப் பெயர்போன ஊர் இது. அது வெளிறிய நிறத்தது. சிவப்பு ஒயினுக்கு நிறமளிக்கும் சத்துகளோ கறுப்புத் திராட்சையின் தோலிலும், நாவற்பழத்திலும், மாதுளையிலும் மதுசாரத்தின் கேடு இல்லாமலே கிடைக்கின்றன. துவர்ப்பை விரும்பத் தொடங்கிய முதிர்ந்த நாவுக்கு இவை போதும் என்று நான் கருதுகிறேன்.

இதுவரை மதுவைத் தொடாதவர்கள், இருதயத்தின் பெயரைச் சொல்லி இனித் தொடங்கவேண்டாம். ருசிக்காக எப்போதாவது பருகுகிறவர்கள் உணவோடு, அளந்து, மெதுவாகப் பருகுவதோடு, ஒருமுறையேனும் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் "குடிப்பதுண்டா?" என்று கேட்கும்போது ஒயினை விட்டுவிடாமல், வாரத்துக்கு எத்தனை மில்லி என்று உள்ளபடியே சொல்லுங்கள்.