சிவகாசி காமிக்ஸும் கதைநாயகனின் இலக்கணமும்

கதைநாயகன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. கதையின் நடுவில் நிற்பவன் என்பது ஒன்று. போற்றத்தக்க செயலைச் செய்பவன் என்பது மற்றொன்று. காப்பியத்துக்கு ஒப்பில்லாத தலைவன் வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். ஆனால் சிலப்பதிகாரத்தின் கோவலன் மனைவியைப் பிரிந்து பொருளைத் தொலைத்தவன். இந்த இரண்டு பொருள்களும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பதை அறிய, சிவகாசியிலிருந்து வெளிவந்த காமிக்ஸ் இதழ்கள் நல்ல சான்றுகள்.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பட்டாசு அதன் பின்னே வந்தது. இவற்றுக்கான லேபிள்களை அச்சிடும் தேவையால் அச்சகங்களும் பெருகின. இந்தச் சூழலில் 1972-இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். கதைகள் இங்கிலாந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து வந்தன.

முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டேல்தான் தமிழில் இப்பெயர் பெற்றான். அவன் ஓர் ஆய்வகத்தின் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். பிறகு மின்சாரம் பாய்ந்தபோது அவன் உடல் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது, இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. தொடக்கக் கதையில் இந்த ஆற்றல் அவன் அறிவைக் கலைக்கிறது. அவன் குற்றவாளியாகவே நடந்துகொள்கிறான். மாயாவி என்ற பெயரும் ஒருவகையில் பொருத்தம்தான்: இராமாயணத்தில் அது வாலியுடன் மோதிய அசுரனின் பெயர். பின்னர்தான் கிராண்டேல் உளவு அமைப்பில் சேர்ந்து தன் ஆற்றலைப் பிறருக்காகச் செலவிடுகிறான்.

அவனை நாயகனாக்குவது மறையும் ஆற்றல் அன்று. அதே ஆற்றலோடுதான் முதலில் குற்றமும் செய்தான். ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு: மின்சாரம் கிடைக்க வேண்டும், அதன் விளைவு சற்று நேரத்தில் தீர்ந்துவிடும், கை காட்டிக்கொடுத்துவிடும். அந்த எல்லையைத் தெரிந்தே ஆபத்துக்குள் நுழைவதால்தான் வாசகர் பதறுகிறார். எதற்கும் சேதப்படாதவனுக்காக யாரும் பதறுவதில்லை.

மாயாவியின் பிறப்பு ஒரு தொழிற்கூட விபத்து. இக்கதையைத் தமிழில் தந்த வட்டாரத்தில் விபத்து யாருக்கும் ஆற்றல் தருவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். தீப்பிடித்ததைக் கேட்டு உதவிக்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்த ஊர்மக்களும் அவர்களுள் அடக்கம். கதைநாயகனுக்கு அடுத்த இதழ் உறுதி; ஓடிவந்தவர்களுக்கு அந்த உறுதி இல்லை. அவர்களை நாயகர் என்பதும் கிராண்டேலை நாயகன் என்பதும் ஒரே அளவுகோலால் அல்ல.

லயன் காமிக்ஸில் நெடுங்காலமாக வரும் டெக்ஸ் வில்லரும் சட்டத்துக்குப் புறம்பானவனாகத் தொடங்கியவனே. 1948-இல் இத்தாலியில் போனெல்லி எழுத, கலெப்பினி வரைந்த இப்பாத்திரம் விரைவில் ரேஞ்சராகிறான். நவஜோ இனத்தில் திருமணம் செய்து அவர்களின் தலைவனுமாகிறான். இரவுக்கழுகு என்பது அங்கே அவன் பெயர். அவனிடம் மாயசக்தி ஏதுமில்லை. தன் அரசின் அதிகாரியே தவறு செய்தாலும் நவஜோக்களின் பக்கம் நிற்கிறான் என்பதே அவனைத் தாங்கும் தூண். பக்கம் எடுப்பதால் இழப்பு வருகிறது. இழப்பே இல்லாத நன்மை கதையில் எடுபடுவதில்லை.

ஸ்பைடர் இந்த வரிசைக்கு அடங்க மறுக்கிறான். 1965-இல் இங்கிலாந்தின் லயன் இதழில் அவன் குற்றவாளிகளின் மன்னனாக விரும்பும் திமிர்பிடித்தவன். பின்பு குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்புகிறான். ஆனால் தற்பெருமை போவதே இல்லை, உதவியாளர்களையும் அதட்டுகிறான். தமிழ் வாசகர் அவனைக் கைவிடவில்லை. கதை அவன் தோளில் உட்கார்ந்து பயணிக்கிறது, ஆகவே வாசகரும் அங்கேயே உட்கார்கிறார். மையத்தில் நிற்பவன் என்ற முதல் பொருள் தனியாகவே ஒருவனை எவ்வளவு தூரம் சுமக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது. அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் குற்றமே அறியாத சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவர்.