சிரிக்க வைப்பவர் யார்? சிரிப்புக்கு ஆளாகிறவர் யார்?



பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சிகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஓர் இளைஞர் மைக்கைப் பிடித்தபடி மேடைக்கு வருகிறார். நடிகர்களின் குரலில் பேசிக் காட்டுகிறார். கைதட்டல் எழுகிறது. அந்த உற்சாகத்தில், ஊரில் எல்லாரும் அறிந்த, திக்கித் திக்கிப் பேசும் ஒருவரைப் போலவும் பேசிக் காட்டுகிறார். சிரிப்பு இன்னும் கூடுகிறது. அந்த மனிதரும் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவரும் சிரிக்கத்தான் செய்கிறார். வேறு என்ன செய்ய முடியும்? நிகழ்ச்சி முடிந்ததும், "தம்பி, நீ டிவியில வரவேண்டிய ஆளுப்பா!" என்று நான்கு பேர் வந்து தோளில் தட்டிச் செல்கிறார்கள்.

2005-ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சி 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியைத் தொடங்கிய நாள் முதல், நம் இளையோர் பலருக்கு இந்த ஆசை உண்டு. அந்த மேடையில் அறிமுகமான சிவகார்த்திகேயன் பின்னர் திரைப்பட நாயகனாக உயர்ந்ததை நாம் அறிவோம். எனவே ஆசையைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தேர்வுச் சுற்று எப்படி நடக்கிறது? நகைச்சுவைக் கலைஞரிடம் அங்கே எதிர்பார்க்கப்படுவது என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை வைத்து நாம் சிரிக்க வைக்கப் போகிறோம்? இவற்றைச் சிந்திக்க, இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒரு போட்டியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் நமக்கு உதவும்.

ஒரே போட்டி, இரண்டு சிரிப்புகள்

'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்னும் திறமைப் போட்டி 2007-இல் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கியது. பாட்டு, நடனம், மாயவித்தை, நகைச்சுவை என எந்தத் திறமையோடும் யாரும் அதில் கலந்துகொள்ளலாம்.

2009-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சூசன் பாயில் என்ற 47 வயதுப் பெண் அந்த மேடைக்கு வந்தார். பகட்டில்லாத உடை, வாரிவிடாத தலைமுடி, கொஞ்சம் தடுமாற்றமான பேச்சு. புகழ்பெற்ற பாடகியாக வேண்டும் என்பது தம் கனவு என்று அவர் சொன்னபோது அரங்கில் ஏளனச் சிரிப்பு எழுந்தது. கண்களை உருட்டி முகம் சுளித்தவர்களையும் கேமரா படம்பிடித்தது. அவர் பாடத் தொடங்கிய சில நொடிகளிலேயே சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பது உலகமே அறிந்த கதை. அந்த ஆண்டு அவர் இரண்டாம் இடம் பெற்றார். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய அவர், 2010 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கிளாஸ்கோ நகரில் நிறைவேற்றிய திருப்பலியின்போதும் பாடினார். தமக்கு ஆஸ்பெர்கர் என்னும் ஆட்டிசம் சார்ந்த நிலை இருப்பது மருத்துவச் சோதனையில் தெரியவந்தது என்று 2013-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அன்று அரங்கம் எதைப் பார்த்துச் சிரித்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே போட்டிக்கு லீ ரிட்லி வந்தார். வடகிழக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே மூளை முடக்குவாதத்தால் பேச்சுத் திறனை இழந்தவர். நடையிலும் சிரமம் உண்டு. பாடுவதற்காக அல்ல, பேசிச் சிரிக்க வைப்பதற்காகவே அவர் வந்திருந்தார்! 'குரலைத் தொலைத்த ஆள்' என்று பொருள்படும் 'லாஸ்ட் வாய்ஸ் கை' என்பதே அவர் தமக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர்.

எப்படிப் பேசினார்? தம் நகைச்சுவைத் துணுக்குகளை முன்கூட்டியே ஐபேடில் எழுதி வைத்திருந்தார். மேடையில் அதைத் தொட, எந்திரக் குரல் வாசித்தது. தாம் இனிப் பேசவே முடியாது என்று தெரிந்தபோது தமக்குப் பேச்சே வரவில்லை என்பது அவர் சொல்லும் நகைச்சுவைகளில் ஒன்று. அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் மக்களின் வாக்குகளால் அவரே வெற்றி பெற்றார். அப்போட்டியில் பட்டம் வென்ற முதல் நகைச்சுவைக் கலைஞர் அவர்தான். பரிசுத் தொகை 2,50,000 பவுண்டு.

முதல் நிகழ்வில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதில் ஒருவரோடு சேர்ந்து சிரித்தார்கள். சத்தம் என்னவோ ஒன்றுதான். ஆனால் முதலாவது மனிதரைக் கூசச் செய்தது. இரண்டாவது மனிதரை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

தேர்வுச் சுற்று எப்படி நடக்கிறது?

தொலைக்காட்சியில் முதல் சுற்று என்று நாம் பார்ப்பது உண்மையில் முதல் சுற்று அல்ல. நடுவர்கள் முன் நிற்பதற்கு முன்பே, போட்டியாளர் தயாரிப்புக் குழுவினர் முன் தம் திறமையைக் காட்டித் தேர்வு பெறவேண்டும். பாடுகிறவருக்கு இது பெரிய தடையல்ல. நகைச்சுவைக் கலைஞருக்கோ கடினம். குறிப்பேடும் பேனாவுமாக அமர்ந்திருக்கும் ஒரு சிலர் முன், கூட்டத்தின் சிரிப்பொலி இல்லாமல், சிரிக்க வைக்கவேண்டும்.

அதைத் தாண்டினால் நடுவர்களும் பார்வையாளர்களும் நிறைந்த அரங்கம். லீ ரிட்லி கலந்துகொண்ட போட்டியில் நான்கு நடுவர்கள். பிடிக்காவிட்டால் சிவப்பு மணியை அழுத்துவார்கள். நால்வரும் அழுத்திவிட்டால் நிகழ்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். அடுத்த கட்டத்துக்குச் செல்லக் குறைந்தது மூவரின் சம்மதம் தேவை. அதன்பின் வரும் நேரடி ஒளிபரப்புச் சுற்றுகளில் பார்வையாளர்களின் வாக்கும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இது தேர்வு மட்டுமல்ல, தொலைக்காட்சி நிகழ்ச்சியும்கூட. பல மணி நேரம் படம்பிடித்ததைச் சில நிமிடங்களாகச் சுருக்கித்தான் காட்டுகிறார்கள். திறமைசாலிகள் வேண்டும் என்பது போலவே, சிரிப்புக்கு ஆளாகும் சிலரும் அவர்களுக்குத் தேவைப்படலாம். தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது என்பதனாலேயே திறமை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

நகைச்சுவைக்கு ஏன் கூடுதல் சோதனை?

பாடகர் முதல் வரியிலேயே மனத்தைத் தொட்டுவிட முடியும். நடனக் குழுவில் ஒருவர் தவறினாலும் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஸ்டாண்ட்-அப் காமெடி என்னும் தனியாள் நகைச்சுவையில் துணை நடிகர் இல்லை, ஒப்பனை இல்லை, பின்னணி இசை இல்லை. ஓர் ஆள், ஒரு மைக், சில நிமிடங்கள், அவ்வளவுதான். நகைச்சுவை மன்றங்களில் கலைஞர் மெதுவாகக் கூட்டத்தோடு பழகிக்கொள்ள நேரம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமே அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி என்பதால், ஆபாசத்தை நம்பிப் பிழைக்கவும் வழியில்லை.

நகைச்சுவையின் இலக்கணம் எளிமையானது. முதலில் கேட்பவரை ஒரு திசையில் அழைத்துச் செல்லவேண்டும். பிறகு எதிர்பாராத இடத்தில் திருப்பவேண்டும். அந்தத் திருப்பம் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது. லீ ரிட்லியை நினைத்துப் பாருங்கள். எந்திரக் குரலில் ஏற்ற இறக்கம் காட்டுவது அரிது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சரியான நொடியில் திரையைத் தொட்டால்தான் அடுத்த துணுக்கு எடுபடும். இதை அவர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 2012-இல் மேடையேறத் தொடங்கி, சிறு அரங்குகளில் நின்று பழகி, 2014-இல் புதிய நகைச்சுவைக் கலைஞர்களுக்கான பிபிசி விருதைப் பெற்றார். அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் திறமைப் போட்டிக்கு வந்தார். நமக்குத் தெரிந்தது சில நிமிடங்கள். அதன் பின்னால் இருந்ததோ ஆறு ஆண்டுகளின் உழைப்பு.

யாரை வைத்துச் சிரிப்பு?

நம் தொலைக்காட்சி நகைச்சுவையில் கறுப்பு நிறம், பருத்த உடல், வழுக்கைத் தலை, திக்குவாய், பெண் வேடமிட்ட ஆண் ஆகியவை இன்றும் எளிதில் கைதட்டல் பெறுகின்றன. இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் நகைச்சுவை என்றாலே அடுத்தவரின் குறையைச் சொல்லிக் காட்டுவதுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பட்டப்பெயர் சூட்டப்படும் பிள்ளைக்கு அதன் வலி தெரியும்.

லீ ரிட்லியும் உடற்குறையைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அது அவருடைய சொந்தக் குறை. 2019-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான் தாம் இதில் இருப்பதாகச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி நிறுத்துமிடம் ஒதுக்கப்படுவதைத்தான் அவர் அப்படிக் கேலி செய்கிறார். தம்மைப் பரிதாபமாகப் பார்ப்பவர்கள், ஒன்றும் புரியாதவர் என்று நினைத்துப் பேசுபவர்கள், இவர்களின் சங்கடத்தைத்தான் அவர் சிரிப்பாக மாற்றினார். வலியைத் தாங்கியவரே அதைச் சிரிப்பாக்கித் தரும்போது, கேட்பவருக்கு அவர்மீதிருந்த பயமும் தயக்கமும் விலகுகின்றன. அதே வார்த்தைகளை வேறொருவர் அவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது கேலி மட்டுமே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தார். நல்ல நகைச்சுவை யாரையும் இழிவுபடுத்தாது, ஒருவரை அவருடைய குறையோடு சேர்த்துக் கட்டிப்போடாது என்ற கருத்தை அப்போது அவர் வலியுறுத்தினார். நம் அன்புக்குரியவர்களோடு விளையாடிச் சிரிப்பதுபோல் கடவுளோடும் சிரிக்கலாம் என்றும் சொன்னார். சிரிப்பைத் திரு அவை சந்தேகத்தோடு பார்க்கிறது என்று எண்ணுவோர்க்கு இது நல்ல பதில்.

போக விரும்பும் இளையோருக்கு

உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். விடுதிச் சாப்பாடு, பேருந்துப் பயணம், அப்பாவின் சிக்கனம், உங்கள் சொந்தத் தோல்வி, எல்லாமே நல்ல கருப்பொருள்தான். இணையத்தில் கேட்ட துணுக்கை எடுத்துச் சொன்னால் நடுவரும் அதைக் கேட்டிருப்பார்.

வீட்டார் சிரித்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களை அறியாதவர்கள் முன் பலமுறை சொல்லிப் பாருங்கள். கடிகாரம் வைத்துப் பழகுங்கள். சிரிப்பு வராத வரியைத் தயங்காமல் வெட்டுங்கள்.

கையொப்பம் இடச் சொல்லும் தாள்களைப் படித்துப் பார்த்து, விவரம் அறிந்த ஒருவரிடமும் காட்டிவிட்டுக் கையொப்பமிடுங்கள். படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு ஓடாதீர்கள். தேர்வாகாவிட்டால் அன்று அந்தச் சில நிமிடங்கள் எடுபடவில்லை என்று மட்டுமே பொருள். நீங்கள் தகுதியற்றவர் என்று பொருளல்ல.

பெற்றோரே, பிள்ளை தோற்றுத் திரும்பி வரும் நாளில், "அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். சாப்பாடு போடுங்கள். பேச விரும்பினால் கேளுங்கள்.

நிறைவாக

தொடக்கத்தில் பார்த்த திருவிழா மேடைக்கே திரும்புவோம். மேடையில் நின்ற இளைஞரிடம் திறமை இருக்கிறது. கூட்டத்தில் அமர்ந்திருந்த, திக்கிப் பேசும் அந்த மனிதரிடம் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டதே இல்லை. அவரிடமும் சொல்வதற்குக் கதைகள் இருக்கும். ஒருவேளை நம்மையெல்லாம் நன்றாகச் சிரிக்க வைக்கும் கதைகளாகவும் அவை இருக்கலாம். அடுத்த ஆண்டுத் திருவிழாவில் மைக்கை அவரிடமும் கொடுத்துப் பார்ப்போமா? அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்போமா?

சிந்திப்போம்.