ஒலிக்கும் தலைக்கு மேல் இடம் வேண்டும்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு பெட்டி கேசட்டுகள் இருக்கும். சீமந்தத்தில் பாட்டி பாடியது, நவராத்திரிக் கச்சேரி, ஊரிலிருந்து அப்பா பேசி அனுப்பியது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அன்பர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

மின்மயப் பாதையில் பெட்டியின் கூரைக்கும் 25,000 வோல்ட் கம்பிக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆகவேண்டும். நிற்கும் வண்டியை அளந்தால் போதாது. ஓடும்போது வண்டி குலுங்கும், கம்பியும் ஆடும். ஒலிப்பதிவிலும் இப்படி ஓர் இடைவெளி தேவை. அதை ஹெட்ரூம் என்பார்கள்.

டிஜிட்டல் பதிவில் பூஜ்ய டெசிபல்தான் கூரை. அதற்கு மேலே போகும் அலையின் முனை சீவப்பட்டுவிடும். குரல் கரகரக்கும், மிருதங்கம் தகரம்போல் கேட்கும். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் போனது திரும்பாது.

ஆகவே 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். மிக உரத்த இடம்கூடப் பூஜ்யத்துக்கு 6 முதல் 12 டெசிபல் கீழேயே நிற்கட்டும். பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் வீதம் 24 பிட்டில் 144 டெசிபல் இடம் உண்டு. சாதாரண கேசட்டில் அதில் பாதிகூட இராது. 12 டெசிபல் விட்டுவைப்பதால் நஷ்டமில்லை.

அடுத்தது, பலரும் கவனிக்காத கட்டம். விநாடிக்கு 96,000 புள்ளிகளாகப் பதிந்ததைச் சி.டி.க்காக 44,100 ஆக்கும்போது புள்ளிகள் புது இடங்களில் விழுகின்றன. இரு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த உச்சம் வெளியே வரலாம். எம்.பி.3 ஆக்கினாலோ, காதுக்குப் புலப்படாது என்று சில பகுதிகள் கழிக்கப்படுவதால் அலையின் வடிவமே மாறி, உச்சம் இன்னும் உயரலாம். மாற்றுவதற்கு முன்பே ஒலியைப் பூஜ்யம்வரை ஏற்றி வைத்திருந்தால் அங்கே இடிக்கும்.

ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 விதி, புள்ளிகளுக்கு நடுவிலுள்ள உச்சத்தையும் கணக்கிட்டு, பூஜ்யத்துக்கு 1 டெசிபல் கீழே நிறுத்தச் சொல்கிறது. நாமும் சி.டி.க்கு 1, எம்.பி.3-க்கு 2 டெசிபல் விடலாம். இந்தக் குறைப்பை 24 பிட் பிரதியில் முதலில் செய்யுங்கள்; பிறகு புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள்; 16 பிட்டாக்குவது கடைசியில்.

மூலப் பதிவை மட்டும் அழிக்காதீர்கள். எம்.பி.3 எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய நாடா இன்னொரு முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.