மறைப்பது வேறு, நிறுத்துவது வேறு

றொசல்லயில் சில்லறைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, கணனியில மணிக்கூட்டுக்குப் பக்கத்துல இவ்வளவு படம் எதுக்கு? இல்லாமலாக்க ஏலாதா?"

வியாபாரிகள் பலருக்கும் உள்ள கேள்வி இது. திரையின் வலது கீழ் மூலையில் தெரியும் இந்த ஐகன்கள், நாம் திறக்காமலே பின்னணியில் ஓடும் மென்பொருள்களின் அடையாளங்கள். 1995இல் வந்த விண்டோஸ் 95இலேயே இந்த மூலை ஒதுக்கப்பட்டுவிட்டது. 2001இல் எக்ஸ்பி வந்தபோது, பயன்படாதவற்றைத் தானாகவே மறைக்கும் வசதியும் சேர்ந்தது.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மறைப்பது சுலபம். வேண்டாத ஐகனை மவுஸால் பிடித்து, பக்கத்தில் உள்ள மேல்நோக்கிய அம்புக்குறிமீது இழுத்து, திறக்கும் சிறு பெட்டிக்குள் விடுங்கள். திரும்ப வேண்டுமானால் அதே வழியில் வெளியே இழுக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையின் முன்னால் கிடந்த மூட்டையை ஸ்டோருக்குள் தள்ளினால் பார்வைக்கு இடம் துப்புரவாகும், மூட்டை குறையாது. அதுபோல, மறைத்த மென்பொருளும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கணனி மெதுவாக இயங்குகிறது என்பதே உங்கள் குறையானால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், தேவையற்றதை டிசேபிள் செய்யுங்கள். அடுத்த முறை கணனியைப் போடும்போது அது தானாக ஓடாது. எதற்கானது என்று தெரியாததில் கைவைக்க வேண்டாம்.

இரண்டை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். ஒன்று, வைரஸ் தடுப்பு மென்பொருள். மற்றது, கணக்குகளின் பிரதியைச் சேமிக்கும் மென்பொருள். உதாரணமாக, வன்ட்ரைவில் பிரதி ஏறாமல் நின்றுவிட்டால் அதன் ஐகனில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைக் குறுக்குக் குறி தோன்றும். மறைத்து வைத்தால் அந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. பிறகு ஒருநாள் ஹார்ட் டிஸ்க் பழுதானால், சம்பள நாள்வரை தோட்டத்து மக்களுக்குப் பற்றுக் கொடுத்த கணக்கு முழுவதும் போய்விடும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எழுத்து இருக்காது. கடனில் நடக்கும் வியாபாரத்தில் அது முதலையே இழப்பதற்குச் சமம்.

ஆகவே, இன்று கடை பூட்டுமுன் அந்த அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, உள்ளே என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள்.